வலைக்குள் நின்ற வானம்

டிகோரி பென்ரோஸ் எங்கள் ஊர் மேட்டுக்காரர். கார்ன்வால் கரையில் பாறை மேட்டின் மேல் நின்று, கடலில் மத்திக் கூட்டத்தின் செந்நிழல் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. தெரிந்தால் தகரக்குழலில் "ஹெவா! ஹெவா!" என்று கத்துவார். பிறகு இரண்டு கையிலும் முள்செடிக் கொத்தை ஆட்டிப் படகுகளுக்கு வழி காட்டுவார். பத்தொன்பது வருஷத்தில் அவர் கண் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்த ஆகஸ்ட் மத்தியானம் கடலில் காற்றே இல்லை. வானம் முழுக்க மீன் செதில் மாதிரி மேகம், வரிவரியாக மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஹெவா கேட்டதும் எங்கள் படகுக்காரர் நாலு பேரும் சாப்பாட்டை விட்டு ஓடினோம். டிகோரி காட்டிய இடத்தில் சுற்றுவலையை இறக்கி அதன் வாயை மூடினோம்.

இழுத்தால் வலை வரவில்லை. அப்படி ஒரு பாரம்.

"இந்த வருஷம் உனக்குக் கல்யாணம்தான்டா," என்று படகுத் தலைவர் சாக்கி என் முதுகில் தட்டினார்.

நான் குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீர். அடி மணல்கூடத் தெரிந்தது.

"அண்ணே, உள்ள ஒண்ணுமே இல்லண்ணே."

"அப்ப எதைடா இழுக்கிறோம்?"

மேட்டிலிருந்து டிகோரியின் குழல் அலறியது. "விட்டுடுங்க! மேல பாருங்க, மேல!"

பார்த்தோம். மற்ற செதில் மேகமெல்லாம் நகர்ந்துகொண்டிருக்க, எங்கள் தலைக்கு நேரே வலையளவு ஒரு வட்டம் மட்டும் நின்றிருந்தது. அதன் ஓரங்கள் துடித்தன.

சாக்கி தொப்பியைக் கழற்றினார். "அவுத்து விடுங்கடா."

அவிழ்த்ததும் பாரம் போய், நாலு பேரும் மல்லாந்து விழுந்தோம். மேலே அந்த வட்டம் ஒரு குலுக்குக் குலுங்கி, நகர்ந்து, மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

டிகோரி இறங்கி வந்து குழலைச் சாக்கியிடம் கொடுத்தார்.

"பிசகு எல்லாருக்கும் வரும்யா," என்றார் சாக்கி. "நாளைக்கு ஏறு."

"பிசகில்ல சாக்கி. கூட்டத்தைத்தான் பார்த்தேன். போறப்போ அதுல ஒண்ணு திரும்பி என்னைப் பார்த்துச்சு."

மறுநாளே டிகோரி மேட்டு வேலையை விட்டு, உப்புக்கிடங்கில் மீன் அடுக்கப் போய்விட்டார். செதில் வானம் வந்தால் கூரையை விட்டு வெளியே வரமாட்டார். மனைவி லவ்டேதான் சாப்பாடு கொண்டுபோவாள்.

"ஊரே வெளியில நிக்குது. உங்களை மட்டும் கொத்திட்டுப் போயிருமாக்கும்?"

ஒருநாள் அவளும் கிடங்கு வாசலில் வெகுநேரம் அண்ணாந்து நின்றாள். என்ன கண்டாளோ, அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

டிகோரி பதினோரு வருஷம் கழித்து நெஞ்சுச் சளியில் போனார். புது மேட்டுக்காரர் காட்டிய இடத்தில் மீனும் நிறையக் கிடைத்தது. ஆனால் செதில் மேகம் கிடக்கிற நாளில், வலை இழுக்கும்போது நாங்கள் யாரும் தலை நிமிர்வதில்லை.