நண்டு தின்ன இரண்டு கை

மகள் பிறந்து நான்கு மாதம் ஆனபோது எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. நண்டு சாப்பிட வேண்டும். அவள் வயிற்றில் இருந்தபோது சூடு என்று தடுத்தார்கள். பிறந்த பிறகு பத்தியம் என்று தடுத்தார்கள். எல்லாத் தடையும் நீங்கியபோது அவளே தடையாகிவிட்டாள். பாயில் போட்டால் அழுகை, தொட்டிலில் போட்டால் அழுகை, அப்பா தூக்கினால் ஊரைக் கூட்டும் அழுகை. என் மார்பில் சாய்த்து வைத்திருந்தால் மட்டும் மகாராணிக்குத் தூக்கம் வரும். என் இடது கை அவளுடைய சொத்தாகிவிட்டது. மிச்சமிருந்த வலது கையால் இட்லி தின்னலாம், சோறு தின்னலாம், கோபம் வந்தால் கணவரைப் பார்த்து விரலை ஆட்டலாம். நண்டு மட்டும் முடியாது.

கணவர் நல்ல மனிதர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கி வந்து, குழம்பு வைத்து, ஒவ்வொரு ஓடாக உடைத்து, சதையை எடுத்து என் தட்டில் குவித்தார். எனக்கு வந்ததே கோபம்! நண்டைக் கடிக்க வேண்டும், உறிஞ்ச வேண்டும், மசாலா முழங்கை வரை வழிய வேண்டும். உரித்துக் குவித்தால் அது உப்புமா.

"எனக்கு யாரும் உரிச்சுத் தர வேணாம். என் கையத் திருப்பிக் குடுங்க, போதும்," என்றேன்.

அவர் அந்தக் குவியலைத் தானே தின்று முடித்தார். அது வேறு வயிற்றெரிச்சல்.

படூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில அம்மாக்கள் பேபி கேரியரில் குழந்தையை மார்போடு மாட்டிக்கொண்டு, ஒரு கையில் காபி, மறு கையில் போன் என்று ராஜநடை போடுவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நண்டுதான் ஞாபகம் வரும். புதிதாக வாங்கலாமே என்று விலையைப் பார்த்தேன். பார்த்த வேகத்தில் மூடிவிட்டேன். நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். கணவருக்கோ ஒப்பந்த வேலை.

சரி, பழையதாகத் தேடுவோம் என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இறங்கினேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. என் சொந்த ஊரான கருங்குழியில், எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கு முதலில் உடுத்துவதே நன்றாக வளர்ந்த இன்னொரு குழந்தையின் பழைய துணிதான். ஆனால் பழையது தேடுவது ஒரு போதை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. குளிக்க வைக்கும் தொட்டி கிடைத்தது, தூக்கி வந்தேன். உட்காரவே தெரியாத பிள்ளைக்கு நடைவண்டி கிடைத்தது, அதையும் தூக்கி வந்தேன். "ஒரே ஒரு முறை பயன்படுத்தியது" என்று ஒருவர் போட்டிருந்த தள்ளுவண்டிக்குச் சக்கரம் மூன்றுதான் இருந்தது. ஒரு கேரியர் பார்க்க அருமையாக இருந்தது, ஆனால் அடியில் ஒரு ஓட்டை. எதற்கு என்று கேட்டேன். வாலுக்காம். அது நாய்க்குட்டியைத் தூக்கும் பை.

கடைசியில் வழி பிறந்தது எங்கள் வாசலில்தான். கோவளத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டு வரும் அக்கா என் புலம்பலை இரண்டு வாரமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னாத்துக்கு இப்டி அலையிற? எங்கூட்ல ஒன்னு சும்மா தான் கீது. கடல்ல பலக மேல நின்னு அலையாட வந்த வெள்ளக்காரம்மா குடுத்துட்டுப் போச்சி. எம்பையன் இப்போ ஸ்கூலுக்கு ஓடிகினு கீறான். வந்து எடுத்துக்கினு போ. வெள்ளிக்கெயம மட்டும் வராத, குடுக்க மாட்டேன்."

சனிக்கிழமை காலையில் மகளுக்குப் பால் கொடுத்துவிட்டு, அப்பாவையும் மகளையும் ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டு, கோவளத்துக்குப் பஸ் ஏறினேன்.

நீலநிறக் கேரியர். தையல் பிரியவில்லை, பட்டை கிழியவில்லை. அக்கா கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அது முதல்முறை. ஆனால் அக்கா பொருளைக் கையில் தரவில்லை.

"கொயந்த பை. வெறுமையா வூட்ட வுட்டு அனுப்பக் கூடாது. தொட்டிலக் கூட வெறுமையா ஆட்ட மாட்டோம், தெரியும்ல?"

எதையாவது உள்ளே வைத்துத்தான் தருவேன் என்று வீடெல்லாம் தேடினார். வாழைப்பழம் இல்லை. தேங்காய் இல்லை. அப்போதுதான் அவர் வீட்டுக்காரர் கொண்டு வந்து வைத்திருந்த நண்டுக்கூடை கண்ணில் பட்டது. கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிய இரண்டு பெரிய நண்டுகளை எடுத்து, வாத்துப் படம் போட்ட பழைய குழந்தைத் துண்டை நனைத்து, அதில் சுற்றினார். கேரியரை என் மார்பில் மாட்டி, நண்டுகளை உள்ளே இறக்கி, முதுகுப் பக்கம் பக்கிளைச் சொடுக்கினார்.

"பாத்துக்க, இப்டித் தான் மாட்டணும். வெயிட்டு வெச்சாத் தான் பட்ட நிக்குதானு தெரியும்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கணவர்தான். ஆனால் அவர் குரல் கேட்கவில்லை, மகளின் குரல்தான் கேட்டது. வெளியே பஸ் கிளம்ப நின்றது. முதுகுக்குப் பின்னால் கையை விட்டேன், பக்கிள் எட்டவில்லை. "வூட்டாண்ட போய்க் கயட்டிக்க, ஓடு, பஸ் பூடும்," என்று அக்கா தள்ளிவிட்டார். நண்டுகளை அணைத்துக்கொண்டு ஓடினேன்.

ஏறியதும் ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். "கைக்கொயந்தக்காரி, ஒக்காரும்மா." உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சன்னலோர இடம். உட்கார்ந்துவிட்டேன்.

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

"எத்தினி மாசம்?"

"நாலு."

"சத்தமே காணம். நல்ல கொயந்த."

"ஆமாம்மா, தொந்தரவே குடுக்க மாட்டா," என்றேன், கூச்சமே இல்லாமல். அந்த நேரத்தில் துண்டு அசைந்தது. முழித்துக்கொண்டது போல என்றார் அந்த அம்மா. பசி என்றேன் நான். வாத்துப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் வெளியே வந்து மெதுவாகக் காற்றைத் துழாவியது. அந்த அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இது அம்மா ஜாடையா, அப்பா ஜாடையா?"

நான் சிரித்த சிரிப்பில் நண்டுகள் குலுங்கின. கேளம்பாக்கம் வருகிற வரைக்கும் எங்கள் இருவராலும் நிறுத்த முடியவில்லை. இறங்கும்போது அந்த அம்மா நண்டின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் வேறு செய்தார்.

வீட்டு வாசலில் கணவர் வியர்வையில் நனைந்து நின்றார். கதை கேட்க அவருக்குத் தெம்பில்லை. மகளை என்னிடம் கொடுத்தார், அழுகை நின்றது. அவர் முகம் விழுந்துவிட்டது. "என்னக் கண்டாலே ஆவாது இவளுக்கு," என்று சொல்லிக்கொண்டே என் முதுகில் பக்கிளைக் கழற்றி, நண்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். மூன்று தண்ணீரில் அலசிப் பால்கனியில் போட்ட கேரியரை நம் ஊர் வெயில் இரண்டு மணி நேரத்தில் அப்பளமாக்கிவிட்டது.

மகளை உள்ளே வைத்து மாட்டினேன். தூங்கிவிட்டாள். இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தேன். என்ன சுகம்! தட்டின் முன் உட்கார்ந்தேன். அப்போதுதான் புரிந்தது. தட்டுக்கும் என் வாய்க்கும் நடுவே அவள் தலை இருந்தது. கொதிக்கிற மசாலாவை அந்த உச்சந்தலைக்கு மேலே எப்படிக் கொண்டு போவது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கழட்டு. எனக்கு மாட்டு," என்றார் கணவர்.

"உங்ககிட்ட இருக்க மாட்டா."

"மாட்டித்தான் பாரேன்."

பட்டையைத் தளர்த்தி அவர் மார்பில் மாட்டினேன். அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. அவள் கன்னத்தை அவர் நெஞ்சில் தேய்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி தூங்கிப்போனாள். அவர் சமையலறை நடுவில் அசையாமல் நின்றார்.

"எங்கிட்ட தூங்கறா," என்றார் கிசுகிசுப்பாக. கண் கலங்கியிருந்தது.

உட்கார்ந்தால் முனகினாள். அதனால் அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் தரையில் சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் ஓட்டை உடைத்து, கடித்து, உறிஞ்சினேன். மசாலா முழங்கை வரை வழிந்தது. நிமிர்ந்தால் அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பெரிய கொடுக்கை உடைத்து, சதையை எடுத்து, எழுந்து போய் அவர் வாயில் வைத்தேன். இந்த முறை உப்புமா என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் மென்றுகொண்டே கேட்டார், "கை ரெண்டும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு," என்றேன். "இன்னொரு வாய் தொறங்க."