மேவிஸும் செத்த மூக்கும்

நியூசிலாந்தின் மேற்குக் கரையில், ஆற்றுப் பாலத்தை ஒட்டிய எங்கள் மதுக்கடைக்கு மேவிஸ் என்பவள் சமையல்காரியாக வந்தது 1973இல். நான் அங்கே மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹெலிகாப்டரில் போய் மான் சுடுகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கைக்காரர்கள். மான், காட்டுப்பன்றி, தார் என்ற மலையாடு, கறுப்பு அன்னம், எது வந்தாலும் மேவிஸ் முதலில் ஒரு துண்டு வெட்டி உப்பு மட்டும் போட்டு வாட்டித் தின்று பார்ப்பாள். "இது சேத்துல மேஞ்சது, ரெண்டு நாள் மோர்ல கெடக்கட்டும்" என்பாள். அது சரியாகவே இருக்கும்.

மூன்று வருடம் கழித்து, ஒரு மார்ச் மாதம், ஈரல் வாங்குவதற்காக இறங்குதளத்தில் நின்றிருந்தாள். ஹெலிகாப்டரின் கயிற்றில் தொங்கிவந்த கலைமான் காற்றில் ஆடி அவள் பின்மண்டையில் மோதியது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தாள். வந்ததும் வழக்கம்போல அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஜூனில் யாரோ கிடாத் தார் ஒன்றின் தொடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். இணைசேரும் பருவத்துக் கிடாவின் வீச்சம் வாசலிலேயே ஆளைத் தள்ளும். மேவிஸ் அதை நான்கு மணி நேரம் வேகவைத்தாள். வீச்சம் கடை முழுக்கப் பரவியது. அவளுக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்று சாப்பிட உட்கார்ந்த பதினொரு பேரும் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளினார்கள். டெஸ் ஹேனன் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போனான். அவள் சமையலில் எப்போதும் குறை சொல்கிற வேட்டைக்காரன் அவன்தான்.

"மேவிஸ், இத நீ தின்னு பாத்தியா?"

அவள் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள். "உப்பு கம்மி. அதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

"மூத்திரக் குழியாட்டம் நாறுதும்மா. நெசமாவே உனக்குத் தெரியலயா?"

மேவிஸ் மாவுப் பீப்பாயின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "மூணு மாசமா எதுவுமே மணக்கல டெஸ். வெங்காயம்கூட. பழக்கத்துலதான் சமைக்கிறேன்."

அரைமணி கழித்து அவளே கடைக்குள் வந்தாள். "எனக்கு மூக்கு செத்துப்போச்சு. வேற ஆள் பாத்துக்கணும்னா இப்பவே பாத்துக்குங்க" என்றாள். டெஸ்தான், "மூணு வருஷமா இங்க உக்காந்து குத்தம் சொல்றேன். இனிமே அடுப்படியில நின்னு சொல்றேன்" என்றான்.

மறுநாள் மாலையே கரண்டியோடு நின்றான். ருசியைச் சொல்லத்தான் தெரியவில்லை.

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? நாக்குலயா, தொண்டையிலயா? எதப்போல இருக்கு?"

"நனைஞ்ச கம்பளியப் போல."

"அப்படிச் சொல்லு!" என்று அவள் வினிகரைச் சாய்ப்பாள்.

ஒருமுறை காட்டுமுயல் கறியில் உலர்ந்த பிளம் அதிகம் என்று டெஸ் சொன்னான். "பழம் போட்டா உனக்கு என்னைக்குத்தான் புடிச்சிருக்கு?" என்று அவள் அப்படியே பரிமாறினாள். எல்லோரும் தட்டை வழித்துத் தின்றார்கள். டெஸ் ஒரு வாரம் எட்டிப்பார்க்கவில்லை. எட்டாம் நாள் மேவிஸ் ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டி அவன் குடிசைக்கே போனாள்.

"பன்னித் தலை. கெட்டுருக்கா இல்லையான்னாவது சொல்லு."

"கெடல. சோம்பு தூக்கலா இருக்கு."

"சரி, கெளம்பு. மீதி அடுப்புல கெடக்கு."

அப்படியே பதினாறு வருடம் ஓடியது. அவளுடைய தார் தொடைக் கறிக்காக மலைக்கணவாய் தாண்டிக் கார்கள் வந்தன. இருவரையும் சேர்த்துவைத்து ஊரே பேசியது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு குளிர்காலக் காலையில் பன்றிக்கு மயிர் பொசுக்கிக்கொண்டிருந்தவள் முற்றத்திலிருந்து கத்தினாள். "மணக்குது! கருகின மயிர் மணக்குது!" நாங்கள் ஓடிப்போனபோது புகைக்குள் முகத்தை நீட்டி அழுதுகொண்டிருந்தாள். அரை நிமிடம்தான். பிறகு எவ்வளவு முகர்ந்தும் எதுவும் வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, மிச்சப் பன்றியையும் பொசுக்கி முடித்தாள்.

கடை கைமாறியபோது நெல்சன் நகரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ருசி சொல்ல டெஸ் இல்லாத அந்த வீட்டில் பெரும்பாலும் மீன்தான் சாப்பிட்டாளாம்.