வரவில்லை என்று ஒரு கையெழுத்து

தீவனக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெண்டல் க்ரிஸ்ப்புக்குப் பொழுதுபோக்கு என்றால் மாவட்ட நீதிமன்றம்தான். தினமும் காலையில் அக்குளில் ஒரு குஷனோடு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அத்துமீறி நுழைந்த வழக்குகளின் முடிவு அவருக்கு மனப்பாடம். ஆறு மாதம் அந்த இடத்தை மிதிக்காதே, மாதம் ஒருமுறை நீதிமன்றத்துக்கு வந்து ‘மிதிக்கவில்லை’ என்று கையெழுத்துப் போடு, வழக்கு தள்ளுபடி. நீதிபதி வாயைத் திறக்கும் முன்பே இவர் பெஞ்சிலிருந்து சொல்லிவிடுவார்.

நீதிபதி ஹால்வர்சன் எத்தனை நாள்தான் பொறுப்பார்? வெண்டல் நீதிமன்றத்துக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவின் நகல் ஒன்றை வாங்க மறுநாளே வெண்டல் உள்ளே நுழைந்தார். அத்துமீறல் வழக்கு பாய்ந்தது.

விசாரணையன்று நீதிபதி அவரை முறைத்தார். “தீர்ப்பை நீங்களே சொல்லிடுங்க வெண்டல்.”

வெண்டல் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். குமாஸ்தா வழக்கமான படிவத்தை நிரப்ப, நீதிபதி கையெழுத்திட்டார். படிவத்துக்கு எங்கே மூளை இருக்கிறது?

அடுத்த மாதம் வாசலில் காவலர் டார்லா கையை நீட்டி மறித்தாள்.

“பெரியவரே, ஆறு மாசத்துக்கு நீங்க இங்க வரக்கூடாதுல்ல?”

வெண்டல் குஷனை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டு படிவத்தை நீட்டினார்.

“வரலைன்னு கையெழுத்துப் போடத்தாம்மா வந்திருக்கேன்.”