கூட்டாமல் விட்ட இடம்

வேணுகோபாலுக்கு எதைப் பார்த்தாலும் முகம் சுளிக்கத்தான் தெரியும் என்பது அவர் மனைவி பிரவீணாவின் முடிவு. ஓட்டலுக்குப் போனால் டம்ளரைக் கண்ணெதிரில் கழுவச் சொல்வார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உறிஞ்சும் சத்தம் கேட்டால் பாயசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்துவிடுவார். இத்தனைக்கும் அவர் வேலை, பெரம்பலூரில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையின் கவுண்டரில். பத்தொன்பது வருடமாகக் கை முழுக்க கிரீஸ். அதில் மட்டும் அவருக்கு அருவருப்பு கிடையாது. சோப்பு போட்டால் போகிற அழுக்கு அழுக்கே இல்லை, போகாத அழுக்கு மனிதர்களிடம்தான் இருக்கிறது என்பார்.

அப்படிப்பட்டவர் நாற்பத்தொரு வயதில் கேமரா வாங்கினார். கடையை மூடிவிட்டுப் போன ஒரு ஸ்டூடியோக்காரர் விற்ற பழைய கேமரா. முதல் படம், கடை வாசல் வேப்பமரத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் டொக் டொக்கென்று கத்திக்கொண்டிருந்த செம்மார்புக் குக்குறுவான் என்ற சின்னப் பறவை. பத்தொன்பது வருடமாக அந்தச் சத்தத்தைப் பக்கத்து வெல்டிங் பட்டறைச் சத்தம் என்றே நினைத்திருந்தாராம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை, மலையடிவாரம், கொள்ளிடக்கரை என்று கிளம்பிவிடுவார். "என்னைய ஒரு படம் எடுத்தீங்களா? நான் றெக்க கட்டிக்கிட்டுக் கூரை மேல ஏறி உக்காந்தாதான் எடுப்பீங்க போல" என்று பிரவீணா கேட்பாள். அவரும் சிரித்துக்கொண்டே லென்ஸைத் துடைப்பார்.

இதோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். வாட்ஸப்பில் ஒரு பறவைப் படக் குழுவில் சேர்ந்தார். அதன் தலைவர் பரணிதரன். டவுனில் பிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருப்பவன். முப்பத்தைந்து வயசு இருக்கும். கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்க வேண்டிய லென்ஸ் வைத்திருந்தான். அவன் எடுத்த 'குடை பிடித்த தவளை' படத்தை மாவட்டமே பகிர்ந்தது. பச்சைத் தவளை ஒன்று, தலைக்கு மேல் ஒரு இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மழையில் நிற்கும்.

அந்தப் படம் எடுத்த அன்று வேணுகோபாலும் உடன் போயிருந்தார். பரணிதரன் ஒரு தெர்மாகோல் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் தவளை விறைத்துக் கிடந்தது. அதை எடுத்துக் கல்லின் மேல் நிறுத்தி, மெல்லிய கம்பியால் இரண்டு கையையும் இலைக்காம்போடு சேர்த்துக் கட்டினான். ஒருத்தன் பூவாளியால் மேலிருந்து தண்ணீர் ஊற்றினான். தவளைக்கு உணர்வு திரும்பிக் கால் அசைந்ததும், "சூடு வந்துட்டுது, மறுபடி பெட்டியில போடு" என்றான் பரணிதரன். நாலாவது முறை அது அசையவே இல்லை. அதைச் சுண்டி எறிந்துவிட்டு, அதே கையோடு பொட்டலத்தைப் பிரித்துப் பரோட்டா தின்றார்கள். வேணுகோபாலுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வரப்போரமாகப் போய் வாந்தியே எடுத்துவிட்டார்.

பிறகு ஏன் அந்தக் குழுவிலேயே இருந்தார் என்று கேட்கலாம். நண்பனான நானும் கேட்பேன். கேட்டால் நேரான பதில் வராது. உண்மை இதுதான்: வேணுகோபால் ஒரு படம் போட்டால் அந்தக் குழுவில் அறுபது பேர் கைதட்டுவார்கள். உதிரிபாகக் கடைக் கவுண்டரில் பத்தொன்பது வருடத்தில் ஒருத்தரும் கைதட்டியதில்லை. அவர்களைத் திட்டிக்கொண்டே அவர்கள் கைதட்டலை வாங்கிக்கொண்டார். டம்ளரைக் கழுவச் சொல்லும் மனிதர் அந்த எச்சிலை மட்டும் கழுவாமல் குடித்தார்.

போன பங்குனியில் ஆண்டிமடத்தில் ஒரு பண்ணைக்காரருக்கு அவசரமாக ஒரு பம்பு கொடுக்கக் கடையிலிருந்து அனுப்பினார்கள். திரும்பும்போது வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரிக்காட்டு வழியாக வந்தார். கொட்டை விழத் தொடங்கும் முன்னால் அந்தப் பக்கத்தில் மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டிவிடுவார்கள். சருகுக்குள் கொட்டை விழுந்தால் பொறுக்க முடியாது என்பதற்காக. மரத்தடிகள் எல்லாம் வீட்டு வாசல் போல, விளக்குமாற்றுக் கோடு தெரியத் தெரியக் கிடந்தன. ஒரு மரத்தடியில் மட்டும், நடுவில், கட்டில் அகலத்துக்குச் சருகு அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தார். வேணுகோபால் வண்டியை நிறுத்தினார்.

"ஏம்மா, அந்த எடத்த மட்டும் வுட்டுட்டீங்க?"

அந்த அம்மாளுக்கு அறுபது வயசு இருக்கும். பெயர் மதலேனம்மாள். உதட்டில் விரலை வைத்து, "மெதுவாப் பேசுங்க தம்பி. பக்கி அடை உக்காந்திருக்கு" என்றார்.

வேணுகோபால் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சருகுதான் தெரிந்தது. பிறகு ஒரு சருகு கண்ணை லேசாகத் திறந்து மூடியது. அப்புறம்தான் முழுப் பறவையும் தெரிந்தது. பக்கி கூடு கட்டாது. வெறும் தரையில் இரண்டு முட்டையிட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். சருகின் நிறத்தில் இருப்பதுதான் அதற்கு இருக்கிற ஒரே காவல்.

"வருசா வருசம் இந்த மரத்தடிக்குத்தான் வரும்" என்றார் மதலேனம்மாள். "குஞ்சு ஓடிப் போற வரைக்கும் நான் இங்க கூட்டறதில்ல. நாலு கொட்ட போனாப் போவுது. என் தம்பிதான் திட்டுவான். தோப்பப் பாகம் பிரிச்சப்ப, இந்தக் கிறுக்கியோட மரம் எனக்கு வேணாம்னு எல்லை மரத்துல எல்லாம் சுண்ணாம்புல என் பேரயும் மர நம்பரயும் எழுதி வுட்டுட்டான்."

படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எடுங்க. ஆனா ஊரக் கூட்டிக்கிட்டு வந்துடக் கூடாது. யாருக்கும் எடத்தச் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேம்மா."

இருபதடி தள்ளி வயிற்றின் மேல் படுத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் அசையவில்லை. எறும்பு கடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். பறவையை மட்டும் நெருக்கி எடுத்த படங்கள் நன்றாகத்தான் வந்தன. ஆனால் கடைசியாக ஒன்று எடுத்தார்: கூட்டிய தரை, நடுவில் கூட்டாத சருகு, அதில் ஒரு பறவை, பின்னால் மரம். ஒரு மனுசி ஒரு பறவைக்காக விட்டுக்கொடுத்த இடம் முழுசாக அதில் வந்திருந்தது. பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாழ்க்கையில் இதைவிட நல்ல படம் எடுக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துபோனது.

அதனால்தான் அதை உள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் குழுவில் போட்டுவிட்டார். ரொம்ப ஜாக்கிரதையாகத்தான் போட்டார். ஊர் இல்லை, தேதி இல்லை. படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் விவரங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தார். கைதட்டல் குவிந்தது. பரணிதரனே போன் பண்ணினான்.

"அண்ணே, பின்னிட்டீங்க! எங்கண்ணே எடுத்தீங்க?"

"அத மட்டும் கேக்காத. வாக்குக் குடுத்திருக்கேன்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது வேணுகோபாலுக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது போல இருந்தது. தவளைக்காரனுக்கு மூக்கு உடைந்தது என்று பிரவீணாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பத்தாம் நாள் பரணிதரன் ஒரு படம் போட்டான். வெறும் மணல். அதில் ஒரு பக்கி, இரண்டு சிறகையும் விரித்து, வாயைப் பிளந்து, கேமராவைப் பார்த்துச் சீறிக்கொண்டிருந்தது. முன்னால் இரண்டு முட்டை. கீழே 'தாய்மையின் சீற்றம்' என்று எழுதி மூன்று இதயம் போட்டிருந்தான். ஒரு முட்டையின் ஓரத்தில் மிளகு அளவுக்குச் சிவந்த திட்டு. வேணுகோபாலின் நெருக்கப் படம் ஒன்றில், பறவை உடம்பைத் திருப்பியபோது அதே திட்டு விழுந்திருந்தது. சருகைக் காணோம். பறவை நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு சருகாகப் பொறுக்கி எறிந்திருக்கிறார்கள். அந்த ஜீவன் போர்த்திக்கொண்டிருந்த ஒரே துணியை உருவிவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள்.

போனில் வாய்க்கு வந்தபடி திட்டினார். பரணிதரன் அசரவில்லை.

"நீங்க படுத்துக்கிட்டு எடுத்தா அது பக்தி, நாங்க நின்னுக்கிட்டு எடுத்தா பாவமாண்ணே?"

"எடத்த எப்படிடா கண்டுபுடிச்ச? என் பின்னாலயே வந்தியா?"

"அதெல்லாம் தொழில் ரகசியம்ணே" என்று சிரித்தான்.

அன்றைக்கே குழுவை விட்டு வெளியேறினார். சும்மா வெளியேறவில்லை, ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு வெளியேறினார். பிணந்தின்னிகள், கேமரா பிடித்த கசாப்புக்காரர்கள், உங்களோடு ஒரே குழுவில் என் பெயர் இருந்ததே கேவலம் என்றெல்லாம் எழுதினார். எழுதியதை எனக்கும் அனுப்பினார். படித்தபோது எனக்கே ஆத்திரம் வந்தது. ஆனால் அதில் எங்கோ ஒரு மினுக்கலும் இருந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சேற்றைத் திட்டுகிற மாதிரி.

அடுத்த ஞாயிறு, சொன்ன சொல்லைக் காப்பாற்ற, படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டமும் போட்டு எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். கொட்டை விழத் தொடங்கியிருந்தது. காடு முழுக்கப் பழத்தின் புளித்த வாசனை. மதலேனம்மாள் கூடையோடு குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த மரத்தடியில் கட்டில் அகலத்துக்குச் சருகு இருந்தது. ஒரு நொடி வேணுகோபாலுக்கு உயிர் வந்தது.

"பக்கி இருக்காம்மா?"

"எங்க இருக்கு? அந்த நாலு பேரும் வந்தாங்கல்ல. வேணுகோபால் சாரோட ஆளுங்கன்னு சொன்னாங்க. நீங்க எடுத்த படத்தப் போன்ல காமிச்சாங்க. நீங்க அவ்ளோ பொறுமையா எடுத்துட்டுப் போனீங்களே, உங்க ஆளுங்களும் அப்படித்தான் இருப்பாங்கன்னு நான்தான் கூட்டிக்கிட்டு வந்து எடத்தக் காமிச்சேன். வெயில்ல வந்திருக்காங்களேன்னு வூட்டுக்குப் போயி மோரு கலக்கினேன். மோரோட வந்து பாத்தா அது கத்திக்கிட்டுக் கெடக்கு. காக்கா வந்து ரெண்டு முட்டையையும் தூக்கிட்டுது. அவங்க அதையும் படம் புடிச்சிக்கிட்டு இருந்தாங்க."

வேணுகோபால் சருகின் மேல் நடந்து போய் முட்டை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"சருக அள்ளிக் கொண்டாந்து நான்தான் திரும்பப் போட்டேன்" என்றார் அந்த அம்மாள். "வரும்னு ஒரு வாரம் பாத்தேன். வரல."

"அம்மா, நான் அனுப்பலம்மா. அவனுங்க என் ஆளுங்க இல்ல. எடத்த நான் யாருக்கும் சொல்லல. என் பின்னாலயே வந்து தெரிஞ்சிக்கிட்டானுங்க, நாதாரிப் பசங்க. இனிமே அவனுங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்." படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்லத் தன் பக்கம் சுத்தமாகிக்கொண்டே வருவது போல அவருக்கே ஒரு ஆறுதல் வந்தது.

மதலேனம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். எட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"நல்லாத்தான் வுழுந்திருக்கு. அட, பின்னால நம்ம மரத்துல இருக்கற எழுத்துகூடத் தெரியுதே. மதலேன், ஒம்போது. கண்ணாடி போடாமலே படிக்கிறேன் பாருங்க."

வேணுகோபால் குனிந்து பார்த்தார். அந்தப் படத்தை ஆயிரம் தடவை பார்த்திருப்பார். ஒவ்வொரு தடவையும் பறவையைத்தான் பார்த்தார். பறவையைக்கூட இல்லை, தன் திறமையைப் பார்த்தார். பறவைக்குப் பின்னால், மரத்தில், வெள்ளை வெளேரென்று, சாண் உயர எழுத்தில் அந்தப் பேர் இருந்தது. யாரும் அவர் பின்னால் வரவில்லை. முந்திரி மரம் என்று படத்திலேயே தெரிகிறது; முந்திரிக்காட்டுப் பக்கம் வந்து எந்த டீக்கடையில் கேட்டாலும் மதலேன் தோப்புக்கு வழி சொல்லியிருப்பார்கள். தேதியை அழித்தவர், ஊரை அழித்தவர், சொந்தக்காரியின் பேரைப் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறார்.

தவளையைக் கட்டிய கையைப் பார்த்து வந்த அதே குமட்டல் இப்போது தன்னைப் பார்த்து வந்தது. கர்ச்சீப்பை எடுத்துக் கையைத் துடைத்தார். அன்றைக்குக் கையில் கிரீஸ்கூட இல்லை. திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"நான்தாம்மா வழி சொல்லியிருக்கேன்" என்றார். "இந்தப் படத்த நான்தான் எல்லாருக்கும் போட்டேன். இந்த எழுத்தப் பாத்துத்தான் வந்திருக்கானுங்க."

மதலேனம்மாள் படத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வேணுகோபால் பின்னாளில் என்னிடம் சொன்னார். படத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இத நீங்களே வச்சிக்கங்க."

பிறகு மரத்தில் சாய்த்து வைத்திருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தார். வேணுகோபால் நின்றிருந்தது அந்தச் சருகின் மேல்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இங்கயும் கூட்டணும்" என்றார். இந்த முறை தம்பி என்று சொல்லவில்லை.