இரண்டாம் வரியிலிருந்து

பழவேற்காட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜாக்குலின்தான் ஏரியில் யார் முதலில் வலை போடுவது என்ற பாடு வரிசையைத் தினமும் குப்பத்து வாட்ஸப் குழுவுக்கு அனுப்புவாள். நேற்று முதலில் போனவர் இன்று கடைசி. அப்படிப் பெயர்களைச் சுழற்ற அவள் எழுதிய சின்ன நிரல் பல வருஷமாக மக்கர் பண்ணாமல் ஓடியது.

சிஸ்டத்தைப் புதுப்பித்த மறுநாள் காலை, குழுவுக்கு ஆதிநாராயணன் பெயர் ஒன்று மட்டுமே போயிருந்தது; மற்ற பெயர்களைக் காணோம். முந்தின நாள் முதலில் போனவரே அவர்தான். அடிதடி ஆகிவிடுமே என்று பதறி ஸ்கூட்டியில் ஏரிக்கரைக்கு விரைந்தாள். நேற்றைய வரிசையை நினைவில் வைத்துப் படகுகள் சரியான வரிசையில்தான் போய்க்கொண்டிருந்தன. கடைசியாகக் காத்திருந்த ஆதிநாராயணன் சிரித்தார்.

"இன்னாம்மா, நேத்து நான் போனத உன் மிஷினு மறந்துடுச்சா?"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடைக்கு வந்து பார்த்தாள். முதல் பெயரை விட்டு இரண்டாம் வரியிலிருந்து எடு என்பதற்குப் பழைய வழக்கப்படி வெறும் "+2" என்று எழுதியிருந்தாள். சிஸ்டத்தோடு வந்த புதிய கருவியோ இப்போதைய தர விதியைப் பிடித்துக்கொண்டு, அதை ஒரு கோப்பின் பெயராக எடுத்து, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கைவிரித்திருந்தது. கடைசியில் ஒட்டவேண்டிய முதல் பெயர் மட்டும் மிஞ்சியது.

"விதியாம் விதி! இத்தினி வருசமா புரிஞ்சது இன்னிக்கி மட்டும் ஏன் புரியல?" என்று திரையைத் திட்டினாள். திட்டிக்கொண்டே, பழைய கருவிக்கும் புதியதற்கும் புரிகிற விதமாக அந்த வரியை மாற்றினாள். முழு வரிசையும் ஒழுங்காக வந்தது. குழுவுக்கு அனுப்பினாள்.

வரிசையில் கடைசியாக இருந்த ஆதிநாராயணன்தான் முதலில் கட்டைவிரல் காட்டினார்.