தலைமன்னாரில் கிழித்த தாள்

பதுளையிலிருந்து தலைமன்னாருக்குச் சைக்கிளில் ஐந்து நாள். மூன்று பேர் போனோம்: டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர், பசார் வீதியில் பிடவைக்கடை வைத்திருந்த, நாங்கள் நாநா என்று கூப்பிட்ட முஸ்லிம் அண்ணன், தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராக இருந்த நான். கப்பலில் சைக்கிளை ஏற்றி, தனுஷ்கோடியில் இறங்கி, திருச்சி வரை போவதாகத் திட்டம். யோசனை நாநாவுடையது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளியவரும் அவர்தான்.

அவர்கள் இருவரிடமும் இலங்கைப் பாஸ்போர்ட் இருந்தது. என்னிடம் இருந்தது போய்த் திரும்ப அனுமதிக்கும் ஒரு கடிதம். தோட்டத்தில் பிறந்தவன்தான், ஆனாலும் நாற்பத்தெட்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழியில் பிறந்த எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை. கேட்டு மனுப் போட்டிருந்தேன். இந்த நாட்டில்தான் நிரந்தரமாக இருக்கிறேன் என்று காட்டினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் என்றைக்காவது மூட்டை கட்ட வேண்டியதுதான்.

துறைமுகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நிரந்தர முகவரி என்ற இடத்தில், துறையூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரை யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன். தோட்டத்து வழக்கம் அது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, அதே லயத்தில் பேரன் எடுத்தவரைக் கேட்டாலும் பாட்டன் புறப்பட்டு வந்த ஊரைத்தான் சொல்வார். அந்த ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

சீல் குத்திய பிறகுதான் அதிகாரி அதை வாசித்தார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன். என் மனுவைப் பற்றிச் சொல்லியிருந்த கடிதத்தையும் படிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"தம்பி, நிரந்தர முகவரி இந்தியா எண்டு நீரே எழுதிக் கையெழுத்தும் வச்சிருக்கிறீர். சீல் குத்தினபடியால் இனி மாத்தேலாது. கப்பல் ஏறினால் இதை நான் கொழும்புக்கு அனுப்போணும், உம்மட மனுவோட சேர்ப்பினம். ஏறாட்டி இது வெறும் தாள்."

"கிழிச்சிருங்க ஐயா" என்றேன். என் கண்முன்னாலேயே நாலாகக் கிழித்தார்.

கப்பலில் ஏற்றுவதற்காக மூன்று சைக்கிளையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். என்னுடையது நடுவில். கயிற்றை அவிழ்த்தவன் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினான்; எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, என்மேல்தான் வந்தது. மாஸ்டர் தானும் வரவில்லை என்றார். பேசாமல் போங்கள் என்று அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பினேன்.

நடந்ததைக் கேட்ட அம்மாவுக்கு என் தவறு எது என்றே புரியவில்லை.

"ஊரக் கேட்டா ஊரத்தானே எழுதணும்? லயத்து நம்பரையா எழுதுவாங்க?" என்றார்.

ஒரு மாதம் கழித்து மற்றவர்கள் வந்தார்கள். மாஸ்டர் அந்தக் கிராமத்துக்கே போய் விசாரித்திருக்கிறார். என் பாட்டன் பெயரைச் சொன்னாலும் அங்கே யாருக்கும் தெரியவில்லையாம்.

அடுத்த வருடம் என் மனு தள்ளுபடியானது. தோட்டத்து ஆள் பதிவேட்டில் நிரந்தர ஊர் இந்தியா என்று இருக்கிறதாம், அதுதான் காரணம். ஆபீசில் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பழையதைக் கரையான் அரித்துவிட்டதால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாப் பெயரையும் நான்தான் புதிதாக எழுதியிருந்தேன். என் பெயருக்கு நேரே அந்தக் கிராமம், என் கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். பக்கத்தைப் புரட்டினேன். தோட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அப்படியே, அவரவர் பாட்டன் ஊரைத்தான் எழுதி வைத்திருந்தேன்.