போர் போட இருந்த எடத்துல பாறை

குரும்பலூர்ல எங்கப்பா வூட்டு வயல்ல சின்னதுலேர்ந்து கல்லு பொறுக்குனவ நான். ஒவ்வொரு உழவுக்கும் புதுசு புதுசா கல்லு மொளைக்கும். கூடையில அள்ளி வரப்புல கொட்டிக் கொட்டியே இடுப்பு போச்சு. கல்யாணம் ஆச்சு, புள்ளைங்க பொறந்து வளந்து போயிட்டாங்க, பெரம்பலூர் ஓரமா ஒரு வூட்டக் கட்டிக்கிட்டு வந்தோம். இனிமே கல்லு மூஞ்சில முழிக்க வேணாம்னு நெனச்சேன். எங்க வூட்டுக்காரரு வண்டி வச்சு எறக்கிட்டாரு.

அவரு அரியலூர் பக்கம் சிமெண்ட்டு பேக்டரில வாட்ச்மேனா இருந்தவரு. அங்க ஆபீசருங்க குவார்ட்டர்ஸ்ல வூட்டு முன்னாடி புல்லு வளத்து, நடுவுல பெரிய பாறையா போட்டுருப்பாங்களாம். அதுவும் சும்மா மேல வைக்கப்படாதாம். பாதி மண்ணுக்குள்ள இருக்கணும், அங்கயே மொளச்ச மாதிரி தெரியணும். அத்தன வருசம் அந்தப் பாறையக் காவக் காத்துட்டு, ரிட்டேராயி வந்ததும் நமக்கும் அதே மாதிரி வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு.

எனக்கு வேண்டியது தண்ணி. ரெண்டாயிரம் பொறந்து ரெண்டு மூணு வருசம் இருக்கும், மழையே இல்ல. தெருக் கொழாயில நாலு நாளைக்கு ஒருக்க வரும், அதுவும் நூலு மாதிரி. அதப் புடிச்சு இடுப்புல வச்சுத் தூக்கியாந்தா ராத்திரி பொரண்டு படுக்க முடியாது. போர் போட்டே ஆவணும்னு நானும் ஒத்தக் கால்ல நின்னேன். ஆளுக்கொரு கால்ல நின்னா குடும்பம் எப்படி நடக்கும்?

நீரோட்டம் பாக்குறவரு வந்தாரு. உள்ளங்கையில தேங்காய வச்சுக்கிட்டு வூட்டச் சுத்தி நடந்தாரு. முன்னாடி வேப்பங்கன்னுக்கிட்ட வந்ததும் படுத்திருந்த தேங்கா எந்திரிச்சு நின்னுச்சு. "இங்க போடு ஆத்தா, கொஞ்சங்கூட நவுராத"ன்னு சொல்லி சுண்ணாம்புல ஒரு அடையாளம் போட்டுட்டுப் போனாரு.

எங்க வூட்டுக்காரருக்குப் பொறுக்கல. மீந்த சுண்ணாம்ப எடுத்துட்டுப் போயி, மூலையில தன் பாறைக்கு ஒரு வட்டம் போட்டுக்கிட்டாரு.

பாறை குடுத்தது எந்தம்பி. கெணத்த ஆழப்படுத்துனப்ப வெடி வச்சு எடுத்தது. நெறமாசத்து எரும மாதிரி வயல்ல கெடந்துச்சு. தொலஞ்சாப் போதும்னு டிராக்டர்ல ஏத்தி உட்டுட்டான். மத்தவளுக்கெல்லாம் பொறந்த வூட்லேர்ந்து அரிசி வரும், கரும்பு வரும். எனக்குச் சீரா வந்தது பாறை.

வண்டி வந்த நேரம் நான் கொழாயடியில. இவரு சோத்துல கைய வச்சிருக்காரு. டிரைவரு எங்க எறக்கன்னு கேக்க, எந்திரிக்காமலே, "சுண்ணாம்பு அடையாளம் இருக்கும் பாரு, அங்க தட்டு"ன்னிருக்காரு. அவங் கண்ணுல மொதல்ல பட்டது என் சுண்ணாம்பு. தட்டிட்டுப் போயிட்டான். வூடு கட்டுனப்ப கொட்டுன மண்ணு அது, பொலபொலன்னு கெடந்ததுல பாறை பாதிக்குப் பொதஞ்சிடுச்சு.

நான் கொடத்தோட வந்து பாக்குறேன், இவரு ஈர்க்குச்சியால பல்லக் குத்திக்கிட்டு அதச் சுத்தி வராரு.

"என்னங்க இது?"

"எப்படி உக்காந்திருக்கு பாத்தியா? குவார்ட்டர்ஸ்ல கூட இவ்ளோ அம்சமா உக்காரல."

"அது என் தண்ணி மேல உக்காந்திருக்குங்க!"

"ஒன் தண்ணியா? பேரு எழுதியிருக்கா?"

தம்பி வந்து சங்கிலி போட்டு டிராக்டர்ல இழுத்துப் பாத்தான். சங்கிலி அறுந்துச்சு. "அக்கா, பொக்லைன் வந்தாத்தான் ஆவும்"னான். இவரு சம்மதிக்கணுமே! "ஒரு தேங்கா எந்திரிச்சதுக்காவ இவ்ளோ பெரிய பாறைய எந்திரிக்கச் சொல்றியே. தண்ணி எங்க போட்டாலும் வரும் புள்ள"ன்னாரு.

போர் வண்டி வந்துச்சு. அத ஓட்டுன பையங்கிட்ட நான் கெஞ்சுனேன். "தம்பி, நீங்க பாறையத்தான ஓட்ட போடுறீங்க? இதையும் சேத்துப் போட்டு எறங்குங்களேன்."

அவன் சிரிச்சுட்டான். "சரிவா இருக்கு ஆயா, வழுக்கிட்டு ஓடும். பைப்பும் எறங்காது. தள்ளிப் போடுவோம்."

தள்ளின்னா எங்க? இவரு போட்ட வட்டம் சும்மாத்தான கெடந்துச்சு, அதுலயே போட்டாங்க. போட்டாங்க போட்டாங்க, பொகைதான் வந்துச்சு. கொடியில காஞ்ச என் சீல பூரா விபூதி பூசிக்கிச்சு. ஒரு சொட்டு ஈரம் இல்ல. கையில இருந்த காசும் அந்தப் பொகையோட போச்சு. அப்பறம் பொக்லைனுக்கு எங்க போறது?

அத்தோட உட்டாரா? பாறையச் சுத்திப் புல்லு நட்டாரு. ஒரு நாளு வெளிய வந்தா, நான் தூக்கியாந்த கொடத்துலேர்ந்து மொண்டு மொண்டு பாறையக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காரு. நனஞ்சாத்தான் கருகருன்னு அழகாத் தெரியுமாம்.

"எனக்குத் தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சு தெரியுமா? முதுகு தேச்சு உடுறீங்களா அதுக்கு?" வெறுங் கொடத்த அவரு கையில திணிச்சேன். "பாறைக்கு வேணும்னா பாறைக்குச் சொந்தக்காரருதான் போவணும்."

ரோசத்துல போனாரு. கொழாயடிப் பொம்பளைங்க உடுவாளுங்களா? "வாங்க பெரிப்பா, பாறைக்குச் சோப்பு போட்டாச்சா?"ன்னு ஒருத்தி. "பச்சத் தண்ணி ஊத்தாதீங்க, சளி புடிச்சிக்கும்"னு இன்னொருத்தி. ரெண்டு நட நடந்தாரு. அடுத்த தடவ தண்ணி வந்தப்ப முட்டி வலிக்குதுன்னு படுத்துக்கிட்டாரு. புல்லு காஞ்சு சருவாச்சு. அத வழிச்சு எறிஞ்சுட்டு, தண்ணி கேக்காத சோத்துக் கத்தாழைய நட்டு வச்சாரு. கொடம் மறுபடி என் இடுப்புக்கே வந்து சேந்துச்சு.

மீன்சுருட்டி சம்பந்தியம்மா ஒருக்க வந்திருந்தாங்க. நான் கொடத்தப் பாறை மேல எறக்கி வச்சுட்டு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறேன். அவங்க பாறையத் தடவித் தடவிப் பாத்துட்டு, "ரொம்ப அழகா இருக்குங்க, வாசலுக்கே ஒரு லட்சணம்"னாங்க.

இவரு நெஞ்ச நிமுத்திக்கிட்டு என்னையப் பாத்தாரு.

"ஆமாங்க சம்பந்தி"ன்னேன். "மூடி அழகாத்தான் இருக்கு. தண்ணி அடியில கெடக்கு."